வாரத்தில் இரண்டு நாள் வேலைக்காரி

கல்யாண மண்டபத்தில் ஒரு கோடைகாலம் வேலை பார்த்தால் போதும், மனிதர்கள்மேல் பெரிய மரியாதை மிஞ்சாது. வசீலா நான்கு கோடைகாலம் பார்த்தவள். வியாழன் மாலையும் வெள்ளி மாலையும், கெல்மா ஊருக்கு மேற்கே சாலையோரம் இருக்கும் மல்லிகை மண்டபத்தில், பெண்கள் பக்கத்துக்குக் காப்பியும் பலகாரமும் சுமப்பது அவள் வேலை. கழுத்தே தெரியாமல் தங்கம் போட்டுக்கொண்டு வரும் சீமாட்டிகள், தட்டு மேசைக்கு வந்த மறுநிமிடம் பக்லாவா இனிப்பைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பைக்குள் அமுக்குவார்கள். அமுக்கிவிட்டு, "எங்க மேசைக்கு மட்டும் தட்டே வரலையே" என்று அவளையே பார்த்துக் கூசாமல் சொல்வார்கள். மென்ற சூயிங்கத்தைக் கோப்பையின் அடியில் ஒட்டுவார்கள். குழந்தையின் ஈரத் துணியை மேசைக்கடியில் உருட்டிவிட்டு, அதே கையால் வாயை மறைத்துக் குலவையிடுவார்கள். மணப்பெண் ஒவ்வொன்றாக மாற்றும் உடுப்புகளில் கடைசியையும் காட்டிவிட்டுப் போனபிறகு அந்தத் துணியைப் பொறுக்குவது வசீலா. உயிரியலில் பட்டம் வாங்கியவள் என்பதால், அதில் என்னென்ன வளரும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

பட்டம் வாங்கிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. நடுவில் மருந்துக்கடையில் மூன்று மாதம், கைப்பேசிக் கடையில் ஒரு மழைக்காலம், தக்காளி ஆலையில் ஒரு ஆகஸ்டு. மருந்துக்கடைக்காரர் தன் மச்சினி மகளுக்கு இடம் வேண்டுமென்று அனுப்பினார். கைப்பேசிக்காரன் கையைப் பிடித்தான், இவளே விட்டுவிட்டாள். எந்த முதலாளியும் அவள் பெயரைக் காப்புநிதியில் பதிவு செய்ததில்லை. அரசாங்கம் திடீரென்று விழித்துக்கொண்டு, நாற்பது வயதுக்குட்பட்ட, இதுவரை எங்கும் பதிவாகாத வேலையில்லாதவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை என்று அறிவித்தபோது, வசீலா எல்லா விதத்திலும் பொருந்தினாள். அத்தனை வருஷமும் யாரும் அவளை ஒரு ஆளாகச் சேர்க்காமல் விட்டதே அவளுக்குத் தகுதியாகிவிட்டது.

அந்தப் பணம் வந்த அன்றே வீட்டுக்காரனிடம் போய்விடும். இரண்டு அறை, சமையற்கட்டு, துணி காயப்போட ஒரு பால்கனி. அவளும் அம்மா ஃபத்தூமாவும். அப்பாவின் ஓய்வூதியத்தில் அம்மாவுக்கு வரும் பங்கு மாவுக்கும் எண்ணெய்க்கும் ரத்த அழுத்த மாத்திரைக்கும் சரியாக இருக்கும். மண்டபக் காசில் மின்சாரம், எரிவாயு, செருப்பு. கெட்டியான வாழ்க்கை என்று சொல்ல முடியாது. ஆனால் கதவைச் சாத்தினால் அது அவர்கள் கதவு.

அந்தக் கதவு எப்போது திறந்துகொள்ளும் என்று காத்திருந்தவன் அண்ணன் முராத். அன்னாபாவில் துறைமுகத்தில் உத்தியோகம். அண்ணி இல்ஹாம் வங்கியில். மூன்று பிள்ளைகள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவனிடமிருந்து போன் வந்துவிடும். "எதுக்கு ரெண்டு வீடு, ரெண்டு அடுப்பு? எல்லாத்தையும் ஒழிச்சிட்டு இங்க வாங்க. யம்மாவும் நிம்மதியா இருக்கும். நீயும் பொழுது போகாம இருக்க வேண்டாம், பிள்ளைங்கள பார்த்துக்கலாம்."

ஒருமுறை பெருநாளுக்கு அங்கே போய் நான்கு நாள் இருந்தார்கள். நான்கு நாளும் வசீலா தரை துடைத்தாள், பாத்திரம் தேய்த்தாள், கடைக்குட்டிக்குக் கால் கழுவிவிட்டாள். "எங்க வீட்டுல வேலைக்கு ஆள் வச்சிக்கிற பழக்கமே கிடையாது, எல்லாம் நாங்களே பார்த்துக்குவோம்" என்று அண்ணி விருந்தாளிகளிடம் பெருமையடித்தபோது, வசீலா அவள் முதுகுக்குப் பின்னால் காப்பித் தட்டோடு நின்றிருந்தாள். திரும்பி வரும் வழியில் பேருந்திலேயே தீர்மானித்துவிட்டாள்: செத்தாலும் வாடகை தவறக் கூடாது. வாடகை தவறாதவரைக்கும் அவள் தன் வீட்டுக்காரி. தவறினால் அண்ணி வீட்டு வேலைக்காரி. அவளுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

உதவித்தொகைக்கு நிபந்தனைகள் உண்டு. மாதம் ஒருமுறை அலுவலகத்துக்குப் போய் முகம் காட்ட வேண்டும். எந்த முதலாளியும் எந்த வேலைக்கும் உங்கள் பெயரைப் பதிந்திருக்கக் கூடாது. பதிந்தால் போயிற்று. ஊரில் பாதிப் பேர் அரைகுறை வேலைதான் பார்க்கிறார்கள். அரைகுறை வேலையை நம்பி யாரும் வாடகை கொடுக்க முடியாது. உதவித்தொகையை மட்டும் நம்பி யாரும் சாப்பிட முடியாது. ஆகவே எங்கள் ஊரில் வேலைக்குச் சேருகிறவர்கள் முதலாளியிடம் முதலில் கேட்பது சம்பளத்தை அல்ல. "என் பேரை மட்டும் எங்கயும் எழுதிடாதீங்க" என்றுதான் கேட்பார்கள். முதலாளிக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. காப்புநிதிக்குக் கட்ட வேண்டிய பணம் மிச்சம், உபகாரம் செய்த புண்ணியமும் அவருக்கே.

மல்லிகை மண்டபத்து கெமிஸ்ஸியும் அப்படித்தான் உபகாரம் செய்தார். அறுபதைத் தாண்டியவர், மாவு வியாபாரத்தில் சம்பாதித்து மண்டபம் கட்டியவர், மீசைக்கு மட்டும் மை தீட்டுவார். ஊரே அவரைப் பெரியப்பா என்று கூப்பிடும். வசீலா வந்து சேர்ந்த அன்று, அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "பேர் எழுதணுமேன்னு பயப்படாதம்மா. நம்ம பொண்ணு வயித்துல நானே அடிப்பேனா?"

நான்கு வருஷம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பிறகு அவருக்கு ஹஜ் சீட்டு விழுந்தது.

எங்கள் நாட்டில் ஹஜ்ஜுக்குக் குலுக்கல். பத்து வருஷம் பெயர் போட்டும் விழாமல் செத்தவர்கள் இருக்கிறார்கள். கெமிஸ்ஸிக்கு விழுந்ததும் தெருவே வந்து தழுவியது. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் கடனை அடைக்க வேண்டும், பகையைத் தீர்க்க வேண்டும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் வீடு வீடாகப் போனார். சுவர்த் தகராறில் ஆறு வருஷம் பேசாமலிருந்த பக்கத்து வீட்டுக்காரரின் நெற்றியில் முத்தமிட்டார். எடையில் ஏமாற்றிய மாவுக்குப் பதிலாக மூன்று குடும்பங்களுக்கு மூட்டை அனுப்பினார். ஊர் உருகியது.

"இத்தன நாள் குறைச்ச எடைக்கு ஒரே மூட்டை. இதுவும் வியாபாரம்தான்" என்றாள் ஜோஹ்ரா. அவள் வசீலாவோடு தட்டுத் தூக்குகிறவள். புருஷன் படகேறிக் கடல் தாண்டிப் போனவன், போனவன்தான். அவளுக்கும் உதவித்தொகைதான் கஞ்சி.

"நம்மகிட்ட வந்து என்ன மன்னிப்புக் கேப்பாருன்னு நெனக்கிற?" என்றாள் வசீலா.

"முதுகு வலிக்கா? ஒரு டப்பா தைலம் குடுப்பாரு, பாரு."

தைலம் வரவில்லை. அடுத்த மாதம் உதவித்தொகையும் வரவில்லை.

வேலையில்லாதோர் அலுவலகத்தில் எப்போதும் இருக்கும் அதே வரிசை, அதே வியர்வை நாற்றம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். தோலை உள்ளங்கையில் துப்பி, கை நிறைந்ததும் மேசை இழுப்பறைக்குள் தட்டினாள். அரசாங்கத்தின் இழுப்பறை அது.

"நீங்கதான் வேலையில இருக்கீங்களே, தங்கச்சி."

"யாரு, நானா? எங்க?"

"மல்லிகை மண்டபம். பரிமாறுற வேலை, பகுதிநேரம். போன இலையுதிர் காலத்துலேருந்துன்னு முன்தேதி போட்டுப் பதிஞ்சிருக்காங்க. நல்ல விஷயம்தானே, வாழ்த்துகள்."

வசீலா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். "அது வாரத்துக்கு ரெண்டு சாயங்காலம்தாங்க. மிச்ச அஞ்சு நாளும் நான் வேலையில்லாதவதானே?"

"அப்படியெல்லாம் பிரிச்சிப் பாக்குறது இல்ல."

"ஏன் பிரிக்கக் கூடாது? அந்த ரெண்டு நாளுக்கு உள்ளதக் கழிச்சிக்குங்க. மிச்சத்தக் குடுங்க. நான் பொய் சொல்லலையே."

அந்தப் பெண் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கெட்டவள் இல்லை, சலித்துப்போனவள், அவ்வளவுதான். "பிரான்சுல என் சித்தப்பா பொண்ணு இருக்கா. அங்க அப்படித்தானாம். பாதி வேலை பார்த்தா, பாதியக் கழிச்சிட்டு மீதியக் குடுப்பாங்களாம். அவ சொன்னப்ப நாங்கல்லாம் சிரிச்சோம். இங்க பாதிங்கிறதே கெடையாது, தங்கச்சி. ஒரு மணி நேரம் பதிவானாலும் நீங்க வேலையில இருக்கிறவங்க. இன்னொண்ணு, பதிவான நாள்லேருந்து வாங்கினதத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதாசி வரும். கோவப்படாதீங்க, அத அனுப்புறது நான் இல்ல."

வேலை பார்த்ததற்குக் கூலி கொஞ்சம், அதற்குத் தண்டனை மட்டும் முழுசு. இதை எந்த மகாராசன் எந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தானோ! வாரத்தில் இரண்டு மாலை எச்சில் தட்டுத் தூக்குகிறவளை முழு உத்தியோகஸ்தி என்று எழுத அவனுக்குக் கை கூசவில்லை. அந்த உத்தியோகத்தின் சம்பளத்தில் அவன் ஒரு வாரம் பெட்ரோல் போட்டுப் பார்க்கட்டும்.

"இத மாத்த வழியே இல்லையா?" என்று கேட்டாள்.

"ரெண்டு வழி. பதிவு தப்பா நடந்துடுச்சின்னு முதலாளி எழுதிக் குடுத்தா, குழு பார்த்து ரத்து பண்ணும். இல்லன்னா அவரு உங்கள முழுநேரமா எடுத்துக்கணும். அப்ப உதவித்தொகையே தேவைப்படாது." விதைத்தோலை மறுபடி துப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இந்த மாசம் ஊர்ல எல்லா முதலாளிக்கும் மனசாட்சி வந்துடுச்சி. மாசக் கடைசிக்குள்ள தாங்களா வந்து ஆளுங்களப் பதிஞ்சா பழைய அபராதமெல்லாம் தள்ளுபடியாம். தினம் உங்கள மாதிரி வந்து அழறாங்க."

மண்டபத்துக்கு அவள் நடந்தே போனாள். பேருந்துக்குக் காசு இல்லாமல் அல்ல, உட்கார முடியவில்லை.

கெமிஸ்ஸி தன் அறையில் ஹஜ் துணி கட்டிப் பழகிக்கொண்டிருந்தார். தையல் இல்லாத வெள்ளைத் துணி இரண்டு. ஒன்று இடுப்புக்கு, ஒன்று தோளுக்கு. உள்ளே முழுக்கால் சட்டை போட்டிருந்தார். இடுப்புத் துணி தொப்பைக்கு மேலே நிற்காமல் நழுவிக்கொண்டேயிருந்தது. கைப்பேசியில் ஒருவன் எப்படிக் கட்டுவது என்று செய்து காட்டிக்கொண்டிருந்தான்.

"வாம்மா வசீலா! சேதி வந்துச்சா? உன் உரிமைய உனக்குக் குடுத்துட்டேன்."

"என்ன குடுத்தீங்க பெரியப்பா? எனக்கு வந்துக்கிட்டிருந்ததும் நின்னுபோச்சு."

"இமாம்கிட்ட கேட்டேன். 'வேலையாளோட உரிமைய முழுங்கிட்டு ஹஜ்ஜுக்குப் போகாதே'ன்னாரு. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. மறுநாளே போயி உங்க பத்துப் பேர் பேரையும் பதிஞ்சிட்டேன். கட்ட வேண்டியதக் கட்டிட்டேன்." துணி நழுவியது. பிடித்துக்கொண்டார். "மனசு பஞ்சு மாதிரி ஆயிடுச்சி."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நல்லது செய்யறதுக்குக் கேக்கணுமா?"

அவர் குளித்தார், சேறு இவர்கள்மேல் தெறித்தது. அதைத் துடைத்துக்கொள்ளவும் அவரிடமே தண்ணீர் கேட்க வேண்டியிருந்தது. வசீலா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பதிவு தவறாக நடந்துவிட்டது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்றாள்.

கெமிஸ்ஸியின் முகம் மாறியது. "பொய் எழுதச் சொல்றியா? காபாவுக்குப் போற மனுஷன?"

"நாலு வருஷம் எழுதாம இருந்தீங்களே, அது?"

"அது எழுதாம இருந்தது. எழுதாம இருக்கிறது பொய்யாகுமா?"

"அப்ப என்னை முழுநேரமா எடுத்துக்குங்க. காலையில வந்து மண்டபத்தக் கழுவுறேன், சமையல் பாக்குறேன், கணக்கு எழுதுறேன். எதுன்னாலும் சரி. உதவித்தொகைக்குப் போகவே மாட்டேன்."

"வாரத்துல ஏழு நாளும் எவன் கல்யாணம் பண்றான்? நீயே சொல்லு."

"அபராதம் தள்ளுபடி ஆச்சாமே, பெரியப்பா?"

ஒரு கணம் அவர் கை துணியை மறந்தது. பிறகு சிரித்தார். "அல்லா ஒரு நல்ல காரியத்துக்கு வழி திறந்தா எல்லாப் பக்கமும் திறப்பாம்மா. சரி, இப்ப நீ ஒண்ணு பண்ணு. இந்த நாலு வருஷத்துல நான் ஏதாச்சும் தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. உனக்காக அங்க ஆண்டவன்கிட்ட தனியா துஆ கேக்குறேன். அங்கேருந்து புண்ணியமான ஜம்ஜம் தண்ணி கொண்டாரேன்."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அவருடைய பாவத்தைக் கழுவ அவளுடைய வாடகைப் பணம். மேலே ஊற்றிக்கொள்ள அவளுடைய மன்னிப்பு வேறு. வசீலா அந்த வார்த்தையைக் கொடுக்காமலே வெளியே வந்துவிட்டாள். வாய்க்குள் கசந்தது. வழியில் குழாயடியில் வாய் கொப்பளித்தாள், போகவில்லை.

புறப்படுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை கெமிஸ்ஸி தன் மண்டபத்திலேயே வழியனுப்பு விருந்து வைத்தார். ஆட்டுக்கறியும் கொண்டைக்கடலையும் போட்டு ஊருக்கே ரவைக் குஸ்குஸ். பரிமாற மண்டபத்துப் பெண்கள் வர வேண்டும் என்று சொல்லியனுப்பினார். கூலி கிடையாது, நன்மை கிடைக்கும்.

"போகத்தான் வேணும்" என்றாள் ஜோஹ்ரா. "இமாம் முன்னாடி, ஊர் முன்னாடி கேட்டா கடிதத்த எழுதிக் குடுத்தாலும் குடுப்பாரு."

அந்த நப்பாசையில்தான் வசீலா போனாள். ஆண்கள் பக்கத்திலிருந்து இமாமின் குரல் ஒலிபெருக்கியில் சமையற்கட்டு வரைக்கும் வந்தது. ஆண்டவனுக்குச் செய்த குற்றத்தை ஆண்டவன் மன்னிப்பான். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதரே மன்னித்தாலொழிய அவனும் மன்னிப்பதில்லை என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கறித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

சற்று நேரத்தில் கெமிஸ்ஸி சமையற்கட்டுக்கு வந்தார். பின்னால் அவர் மருமகன் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டே வந்தான். "பொண்ணுங்களா, பெரியப்பாவ மன்னிச்சிடுங்க" என்று கைகூப்பாத குறையாகச் சொன்னார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. அதுதான் பெரிய அருவருப்பு, நடித்திருந்தாலாவது பொறுத்துக்கொண்டிருக்கலாம். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக, "மன்னிச்சோம் பெரியப்பா, அல்லா உங்க ஹஜ்ஜ ஏத்துக்கட்டும்" என்றார்கள். ஜோஹ்ராவும் சொன்னாள்.

வசீலா சட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. "கடிதம், பெரியப்பா?" என்றாள்.

"திரும்பி வந்து பேசிக்கலாம்மா" என்று அவர் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தார். மருமகன் அவசரமாக அடுத்த பெண்ணின் பக்கம் திரும்பினான். வசீலா குழாயைத் திறந்துவிட்டுச் சட்டியைத் தேய்க்கத் தொடங்கினாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவள் என்ன சொன்னாள் என்று யாரும் கவனிக்கவில்லை. அவள் எதுவும் சொல்லவில்லை.

"நீ ஏன் சொன்ன?" என்று வெளியே வந்ததும் ஜோஹ்ராவைப் பிடித்துக்கொண்டாள்.

"வாய்தானேடி? நெஞ்சுல இருக்கிறத அவரு வந்து தொறந்தா பாக்கப் போறாரு? அடுத்த சீசனுக்கும் எனக்குத் தட்டு வேணும்."

"ச்சீ!"

"ச்சீன்னு நல்லா சொல்லு. உனக்கு அன்னாபாவுல அண்ணன் இருக்கான். எனக்கு யாரு இருக்கா?"

அண்ணன் இருப்பது வரம் என்று நினைக்கிறவளிடம் என்ன சொல்வது?

அடுத்த மாதம் வாடகை பாதிதான் கொடுக்க முடிந்தது. வீட்டுக்காரன் இரண்டு முறை மாடியேறி வந்தான். மூன்றாம் முறை வரும்போது ஒரு புதுக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்து, இவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அறைகளைத் திறந்து காட்டினான். அந்தக் குடும்பத்துப் பெண் சமையற்கட்டு மூலையைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் அம்மா மகளைக் கேட்காமலே முராதுக்குப் போன் போட்டுவிட்டாள்.

முராத் மறுவாரமே சரக்கு வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். முகத்தில் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. "இல்ஹாம் உனக்குன்னு பிள்ளைங்க அறையிலயே கட்டில் போட்டு வச்சிருக்கா. ராத்திரியில சின்னவன் எழுந்தா பக்கத்துலயே இருப்ப பாரு" என்றான்.

மெத்தையைப் பாதிப்படி இறக்கியிருந்தபோது கெமிஸ்ஸியின் மருமகன் மூச்சு வாங்க மேலே ஓடிவந்தான். கைப்பேசியை நீட்டினான். "மாமா பேசணுமாம். உங்ககூடத்தான்."

திரையில் வெள்ளைத் துணி போர்த்திய கெமிஸ்ஸி. தலை மழமழவென்றிருந்தது. மீசை மை போய் வெளுத்திருந்தது. அவருக்குப் பின்னால், சுற்றிச் சுற்றி வரும் கூட்டத்துக்கு நடுவே, கறுப்பாக, சதுரமாக, காபா.

அம்மா அலறிவிட்டாள். கையிலிருந்த கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து திரையை முத்தமிட்டாள், அழுதாள், துஆ கேட்டாள். கெமிஸ்ஸியின் நெற்றியிலும் சேர்த்து முத்தம் விழுந்தது. படிக்கட்டில் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வசீலா" என்றார் கெமிஸ்ஸி. "எல்லாரும் சொல்லிட்டாங்க. நீ மட்டும் சொல்லலைன்னு இங்க வந்துதான் ஞாபகம் வந்துச்சி. தூங்க முடியலம்மா. இந்தா பாரு, எங்க நிக்கிறேன்னு பாரு. ஒரு வார்த்தை சொல்லிடு."

"சொல்லுடி" என்றாள் அம்மா. "காபாவுக்கு முன்னாடி நின்னு கேக்குறாரு. கல்லு நெஞ்சா உனக்கு?"

வசீலா கைப்பேசியை அம்மாவிடமிருந்து வாங்கினாள். "பெரியப்பா, இப்பவே ஒரு வரி எழுதி உங்க மருமகனுக்கு அனுப்புங்க. என்னை முழுநேரமா வேலைக்கு எடுத்துக்கிறேன்னு. அது பொய் இல்ல. நீங்க குடுத்துட்டா அது உண்மை. மெத்தைய நானே மறுபடி மேல தூக்கிட்டு வந்துடுறேன். மன்னிச்சேன்னு நூறு தடவை சொல்றேன்."

கெமிஸ்ஸி சுற்றுமுற்றும் பார்த்தார். "இந்த எடத்துல நின்னுக்கிட்டு வேலை, சம்பளம்னு பேசக் கூடாதும்மா. பாவம்."

"அப்ப வேற எடத்துக்குப் போயிட்டு போன் பண்ணுங்க."

"ஐயோ" என்றது படிக்கட்டில் ஒரு குரல். முராத், "ஏய், என்ன பேசுற?" என்று மெத்தையைப் பிடித்தபடியே கத்தினான்.

"நான் இங்கயே உசிரு போயி மௌத்தாயிட்டா?" என்றார் கெமிஸ்ஸி. இப்போது அழுதேவிட்டார். "ஆண்டவன்கிட்ட நான் என்ன பதில் சொல்வேன்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். தீர்ப்பு நாளன்னைக்கு நேரா என்கிட்ட வாங்க. அன்னாபாவுல எங்க அண்ணி வீட்டு அடுப்படியில இருப்பேன். அங்க ஏழு நாளும் வேலை இருக்கு. பேரும் எழுத மாட்டாங்க."

கைப்பேசியை அணைத்து மருமகன் கையில் கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டார்கள். அம்மா அவளைப் பார்க்கவேயில்லை. கூடையைத் தானே தூக்கிக்கொண்டு கீழே போய் வண்டியின் முன்னிருக்கையில் ஏறி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

வண்டி அன்னாபா சாலையில் ஏறியது. இருபுறமும் தக்காளி வயல்கள் போய்க்கொண்டிருந்தன. முராத்தான் பேச்சை எடுத்தான்.

"வாய் நீளம்தான் உன்ன இந்தக் கதிக்குக் கொண்டாந்துச்சி" என்றான். "சரி விடு. அன்னாபா அலுவலகத்துல மறுபடி எழுதிப் போடலாம். இல்ஹாமுக்கு அங்க ஆள் தெரியும். மண்டபப் பதிவு ரத்தானதும் உதவித்தொகை திரும்ப வந்துடும், வீட்டுச் செலவுக்கு ஆகும். எங்ககூட இருக்கிறப்ப உனக்கு வேலைன்னு ஒண்ணும் இருக்கப் போறதில்லையே."

வசீலா கண்ணாடியை இறக்கி, வெளியே காறித் துப்பினாள்.